பச்சைத் துணிக்கு முன்னால்

வாரத்துக்கு இரண்டு தடவை அந்தத் துணியை இஸ்திரி போடுவது என் வேலை. பத்தடி உயரம், பதினெட்டு அடி நீளம், நல்ல கிளிப்பச்சை. ஒற்றை ஆளாக அதைக் கையாள்வது கஷ்டம். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறு முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாயின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போவேன். முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். அப்புறம் அதைச் சுவருக்கு மேலே இருக்கிற கம்பியில் மாட்டித் தரை வரைக்கும் வழியவிட வேண்டும். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் மடங்காமல் வளைந்து இறங்க வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தாலும் ஸ்டூடியோக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

"அம்மா, இங்க ஒரு கோடு ஓடுது பாருங்க."

என் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம். சுருக்கத்தில் விழுகிற நூலளவு நிழலைக்கூட அது வேறு நிறம் என்று எடுத்துக்கொள்ளுமாம். மறுபடியும் பெட்டியைச் சூடாக்குவேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வீடியோ எடுக்கிற இடம். செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. ஸ்டூடியோக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நான் தம்பி என்று கூப்பிடுவேன். அவர் மனைவி கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவாள். அவள் என்னை ஆயா என்பாள். என் மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்ததும் அவர்தான். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. பெருக்குவது, துடைப்பது, டீ வாங்கி வருவது, அந்தத் துணி.

துணி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற சுபாவம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அந்த ஐந்து வருஷமும் வாத்தியார் கேட்டால் பதில் சொன்னேனே தவிர, நானாக ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து கேட்கும்போது, விளக்குமாற்றைப் பிடித்தபடி காது கொடுப்பேன்.

"காமெரா எல்லாத்தையும்தான் எடுக்கும். அப்புறம் நான் கம்ப்யூட்டர்கிட்ட, பச்சையா இருக்கறத மட்டும் வழிச்சுப் போட்டுடுன்னு சொல்லுவேன். வழிச்சுடும். பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் நிப்பாங்க, பின்னால வெறும் ஓட்டை. அந்த ஓட்டையில நான் ஊட்டிய வெச்சா ஊட்டி, பாரீஸ வெச்சா பாரீஸ்."

ஒரு பெண்ணின் அம்மா கேட்டாள். "ஏன் தம்பி, மங்களகரமா மஞ்சள் துணி, சிவப்புத் துணின்னு வெக்கக் கூடாதா?"

"சிவப்பு வெச்சா பொண்ணு மூஞ்சியும் சேந்து போயிடும்மா. மனுஷ ஒடம்புல மஞ்சளும் சிவப்பும் எங்கயாச்சும் இருக்கும். இல்லாதது பச்சை ஒண்ணுதான்."

அதனால் படம் பிடிக்க வருகிறவர்கள் பச்சை உடுத்தக் கூடாது. இதைச் சொல்லி அனுப்பினாலும் யாராவது மறந்துவிடுவார்கள். ஒரு மாப்பிள்ளை பச்சை டை கட்டிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரில் பார்த்தால் அவர் நெஞ்சுக்கு நடுவே நீளமாக ஒரு அருவி கொட்டுகிறது. இன்னொரு நாள் பெண்ணின் தலையில் கனகாம்பரத்தோடு மருக்கொழுந்தையும் வைத்துக் கட்டியிருந்தார்கள். மருக்கொழுந்து இருந்த இடமெல்லாம் ஓட்டை. கொண்டையைக் குடைந்துகொண்டு பனிமலை தெரிந்தது. ஸ்டூடியோக்காரர் மனைவி சிரித்துச் சிரித்து மேக்கப் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தலைக்குள்ள ஐஸ் வெச்சிருக்கா பாரு, மாமியார் எவ்ளோ திட்டினாலும் சூடு ஏறாது."

பெண்ணுக்கு மேக்கப் முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் லைட்டைச் சரி பண்ண வேண்டும். அதற்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். "அம்மா, செத்த வந்து நில்லுங்க" என்பார். முதல் நாள் விளக்குமாற்றோடு பின்வாங்கினேன். படம் பிடித்துக்கொள்கிற ஆளா நான்! தூண் மாதிரி நின்றால் போதும், பேச வேண்டாம் என்றார். துணியிலிருந்து ஆறடி முன்னால் தள்ளி நிறுத்துவார். ஒட்டி நின்றால் பச்சை கன்னத்தில் அடிக்குமாம், நிழலும் துணியில் விழுமாம். துணிக்கு என்று இரண்டு பக்கமும் இரண்டு லைட். ஆளுக்குத் தனியாக ஒன்று. என் நிழல் துணியில் எங்காவது தட்டுப்பட்டால் விளக்கை நகர்த்தி நகர்த்தி அதைத் துரத்துவார். ஒரு மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கிருந்தும் விரட்டுவார். கடைசியில் நான் மட்டும் நிற்பேன், நிழல் இருக்காது.

அப்புறம் பெண் வருவாள். நான் விலகிக்கொள்வேன். "உங்கள அழிச்சுட்டேம்மா" என்று தம்பி சொல்வார். டேப்பில் அந்த இடத்தில்தான் அடுத்ததைப் பிடிக்க வேண்டும், அதற்காக. மாதத்தில் ஏழெட்டுத் தடவையாவது நான் நின்றிருப்பேன். ஏழெட்டுத் தடவையும் அழிந்திருப்பேன்.

எனக்கு மறைவாக நின்றுதான் பழக்கம். நாங்கள் இருந்த வீடு அதே முத்தியால்பேட்டையில், நாலு தெரு தள்ளி. இரட்டைக் கதவு. வலது கதவைத்தான் திறப்போம், இடது கதவு எப்போதும் தாழ்ப்பாள் போட்டபடி இருக்கும். யார் வந்தாலும் நான் அந்த இடது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, விளிம்பைப் பிடித்தபடி தலையை மட்டும் நீட்டிப் பதில் சொல்வேன். என் புருஷன் மில்லில் வேலை பார்த்தார். அவர் போன பிறகு இன்னும் அதிகமாகக் கதவோடு ஒட்டிக்கொண்டேன். மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் அங்கேதான். கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடும். அதில் என்னைத் தேடினால் கிடைக்க மாட்டேன். புருஷன் இல்லாதவள் சுப காரியத்தில் முன்னால் வரக் கூடாது என்று ஊரார் சொல்வதற்கு முன்பே நான் மறைந்துகொள்வேன். மகள் சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கதவு விளிம்பில் இருக்கிற என் விரல்களைத்தான் முதலில் பிடிப்பாள். பிடித்து இழுப்பாள். "வெளிய வாம்மா" என்பாள்.

அவளைக் கட்டிக்கொடுத்தது ஒரு சொல்தா வீட்டில். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். கல்யாணம் ஆன அடுத்த வருஷமே மகள் பிரான்சுக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவது தடவை உண்டானபோது, பிள்ளை பிறக்கும் வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும், மனசிலும் அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்களாம்.

அந்தத் தடவை அவளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போதுதான் எங்கள் வீடு போனது. எங்கள் வீடு என்று சொல்கிறேனே தவிர, முப்பது வருஷம் இருந்த வாடகை வீடு. வீட்டுச் சொந்தக்காரர் காலமானதும் அவர் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். நான் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறைக்கு மாறினேன். ஒரு கதவு, ஒரு ஜன்னல். பாத்திரங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் நாள் பழைய தெரு வழியாகப் போனபோது கூரை இல்லை. அடுத்த வாரம் சுவர் இல்லை. அதற்கப்புறம் ஸ்டூடியோவுக்கு வேறு தெருவாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். நான் தனியாக எங்கே கிடக்கிறேனோ என்று நினைப்பாள். படுக்கையில் கிடக்கிறவளுக்கு நினைப்பதைத் தவிர வேறென்ன வேலை? பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். செல்போனில் பேசினால் நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாயந்திரம் ஐந்து மணிக்குப் பேசுவாள்.

"வாசல் முருங்கை பூ வெச்சுதாம்மா?"

"வெச்சிருக்குடி. கொத்துக் கொத்தா."

"பின்னால குழாயில தண்ணி வருதா?"

"வருது வருது."

அறையின் ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே முருங்கைப் பூவைச் சொல்வேன்.

ஏழாம் மாதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்னாள். "அம்மா, இங்க அத்தை எனக்கு வளைகாப்பு போடறாங்க. படுத்துக்கிட்டேதான். உன்னால வர முடியாது, தெரியும். நம்ம வீட்டு வாசல்ல நின்னு, வளையல கையில எடுத்துக் காட்டி, ரெண்டு வார்த்தை பேசி, வீடியோ எடுத்து அனுப்பு. இவரோட பெரிய அத்தை அங்க லீவுக்கு வந்திருக்காங்க இல்ல, அவங்க கிளம்பறதுக்குள்ள சிடில போட்டுக் குடு."

"நான் எப்படிடி வளையல எடுத்துக் காட்டறது? நான் காட்டக் கூடாதே."

"உன்ன அங்க யாரு பாக்கறா? எனக்கு நீதான் காட்டணும். வாசல்ல நின்னு காட்டணும். நாள் முழுக்க இந்தக் கூரையவே பாத்துக்கிட்டுக் கிடக்கறேம்மா. கண்ண மூடினா நம்ம வீடுதான் வருது."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் மனைவி ஓடிவந்து பெட்டியைத் தூக்கினாள்.

"என்னா ஆயா, எந்த ஊருக்குப் போயிட்ட நீ? துணி கருகியிருந்தா மாப்பிள்ளை பொண்ணுக்கு நடுவுல பெரிய இஸ்திரிப் பெட்டி நிக்கும்."

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் கேட்டுவிட்டு, உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, யார் யாரையோ பாரீஸுல நிறுத்துறீங்க. ஆயாவ அவங்க வீட்டு வாசல்ல நிறுத்த மாட்டீங்களா?"

தம்பி எழுந்து வந்தார். அப்புறம் அலமாரியில் பழைய கேசட்டுகளைத் தேட ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட் கிடைத்தது. கல்யாணத்தன்று எடுத்ததெல்லாம் பந்தலும் வாழைமரமுமாக இருந்தது. அதை வைத்தால் மகள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அதற்கு நாலு நாள் முன்னால், நலங்கு வைத்த அன்று காலையில், காமெரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெறும் வாசலை எடுத்திருந்தார். இருபது விநாடி. தோரணம் கூடக் கட்டவில்லை. வாசல், படி, ஒரு பக்கம் திறந்த கதவு, இடது ஓரத்தில் முருங்கைக் கிளை ஆடுகிறது. இடித்த வீடு கம்ப்யூட்டரில் அசைந்துகொண்டிருந்தது.

"ஆள் யாரும் இல்ல. நமக்கு இதுதான் வேணும்" என்றார்.

"பச்சைத் துணி முன்னாடி நின்னு சொல்றதால இது பச்சப் பொய்தான் ஆயா. பச்ச உடம்புக்காரி ஆகப்போறவளுக்காக சொல்றது, பாவம் இல்ல" என்றாள் அவர் மனைவி.

இரண்டு நாள் கழித்து நல்ல நேரம் பார்த்து எடுத்தோம். வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவள் எனக்குத் தலை வாரிவிட்டாள். அரக்கு நிறச் சேலை. வளையல்களைக் கையில் வைத்திருந்தேன். வளைகாப்பு என்றால் பச்சைக் கண்ணாடி வளையல்தானே? கடையில் பார்த்துப் பார்த்து வாங்கினது. அதைத் தூக்கிக் காட்டிப் பேசினேன். தம்பி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது என் கை வெறுங்கையாக எதையோ ஆட்டிக்கொண்டிருந்தது. கலகலவென்று சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை மாதம் கூடவே இருந்தும் எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று. சிவப்பு வளையல் வாங்கிவந்து மறுபடியும் நின்றேன்.

இப்போது வளையல் வந்தது, கை போயிற்று. பத்து வயதில் என் வலது மணிக்கட்டில் சின்னதாக ஒரு கோலம் பச்சை குத்தியிருந்தார்கள். வயதாக ஆக அது பூத்துப்போய்ப் பாசி நிறமாகிவிட்டது. கம்ப்யூட்டர் அதையும் துணியோடு சேர்த்து வழித்துவிட்டது. கோலம் இருந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது.

"மனுஷ ஒடம்புல பச்சை இல்லன்னு சொன்னேனே, உங்கள மறந்துட்டேன்" என்றார் தம்பி.

அவர் மனைவி மணிக்கட்டில் பேன்கேக் என்கிற மேக்கப் பூச்சைக் குழைத்துப் பூசினாள். கோலம் மறைந்தது. வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

மூன்றாவது தடவை நின்றேன். படத்தில் வெயில் இடது பக்கத்திலிருந்து அடித்தது, அதனால் லைட்டையும் இடது பக்கம் வைத்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்கவில்லை, பாதம் தரையில் ஒட்டாமல் மிதக்கிற மாதிரித் தெரியுமாம். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். காமெராக் கண்ணாடியைப் பாருங்கள், அதைப் பொண்ணு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிடித்துக்கொள்ளக் கதவு இல்லை. முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் ஒன்றும் இல்லை.

"நல்லா இரு கண்ணு. எல்லாம் நல்லபடியா நடக்கும். வீடு அப்படியே இருக்கு. நீ கொழந்தைய எடுத்துக்கிட்டு வா."

அவ்வளவுதான் பேசினேன்.

முடித்துக் காட்டியபோது நான் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முருங்கை ஆடியது. கதவு திறந்திருந்தது. உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுக்கலாம் போலிருந்தது. இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். அதற்குமேல் கேட்கக் கூச்சமாக இருந்தது.

பெரிய அத்தை என் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று, நானே சிடியையும் இரண்டு நிற வளையல்களையும் அவர்கள் இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வளைகாப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். "பாத்தேம்மா. நல்லா இருந்துது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ நல்லா இருந்த" என்றாள். குரல் தணிந்திருந்தது, படுத்துக்கொண்டு பேசுவதால் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் பேசினாள், அதற்கடுத்த ஞாயிறும். வழக்கம்போல முருங்கையைக் கேட்டாள். காய் விட்டிருக்கிறது என்றேன். மழையில் சமையல்கட்டு ஒழுகுகிறதா என்று கேட்டாள். இல்லை, ஓடு மாற்றிவிட்டார்கள் என்றேன். ஒரு பொய்க்கு இன்னொன்று என்று வீட்டை ஒவ்வொரு ஓடாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

குழந்தை பிறந்தது. பெண். இரண்டு உயிரும் நலம் என்று மாப்பிள்ளைதான் சொன்னார். ஸ்டூடியோவில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தேன். அறைக்கு வந்தபோது கொடுக்க யாரும் இல்லை, மிச்சத்தை நானே தின்றேன்.

பதினாறாம் நாள் மகள் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது."

"என்னாடி?"

"அந்த வீடியோல எடது கதவு இருக்குது இல்ல, மூடியிருக்கற கதவு. அதோட ஓரத்துல நாலு விரல் இருக்குது."

எனக்குப் புரியவில்லை.

"பெரிய டிவில நிறுத்தி நிறுத்திப் பாத்தேம்மா. படுத்துக்கிட்டு வேற என்னா வேலை எனக்கு? நாலு விரல், மணிக்கட்டு வரைக்கும் தெரியுது. மணிக்கட்டுல பச்சை குத்தியிருக்குது. அது உன் கை. முன்னால நீ நிக்கற, உன் கையில பச்சை இல்ல. கதவுக்குப் பின்னால ஒருத்தி நிக்கறா, அவ கையில இருக்குது. இதுல யாரும்மா நீ?"

அப்போதுதான் நினைவு வந்தது. நலங்கு அன்று காலையில் தம்பி காமெராவை வாசல் பக்கம் திருப்பினதும் நான் சட்டென்று கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் எடுத்து முடிக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் யாரும் இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்ட வாசலில் நான் இருந்திருக்கிறேன். சின்னக் கம்ப்யூட்டரில் தம்பிக்கும் தெரியவில்லை, இரண்டு தடவை பார்த்த எனக்கும் தெரியவில்லை. அந்த விரல்களைத் தினமும் பிடித்து இழுத்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டும் நான்தான்டி" என்றேன்.

"வீடு?"

"இல்ல."

"எப்ப?"

"உனக்கு மூணாம் மாசம்."

குழந்தை முனகுவது மட்டும் கேட்டது.

"எப்படி நிறுத்தினாங்கன்னு தெரியல. ஆனா நீ அங்க நிக்கலன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சும்மா. கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ, நான் அழுவேன். அழக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே. இவ பொறக்கட்டும்னு இருந்தேன்."

அப்படியென்றால் அந்த முருங்கைக்காய்? அந்த ஓடு? தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள். நான் பொய் சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறாள். இல்லாத வீட்டைப் பற்றி இரண்டு பேரும் வாராவாரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம், எனக்காக அவளும், அவளுக்காக நானும்.

"இப்ப யாரோட இருக்க?" என்று கேட்டாள்.

"அதுக்கென்னா, ஸ்டூடியோக்காரங்க இருக்காங்க, வீட்டுக்காரம்மா நல்லவங்க, எப்பவும் ஜனங்க வந்து போயிக்கிட்டு..."

"அம்மா."

நிறுத்திக்கொண்டேன். செல்போன் காதில் சுட்டது. கட்டிலுக்கு அடியில் பாத்திரங்கள் இருந்தன. ஜன்னலில் அடுத்த வீட்டுச் சுவர்.

"தனியாத்தான் இருக்கேன்" என்றேன்.

அதைச் சொல்வதற்கு இத்தனை வருஷம் ஆயிற்று. அவள் அப்பா போன நாளிலிருந்தே அது உண்மை. மகள் விமானம் ஏறின நாளிலிருந்து இன்னும் உண்மை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் அழுதாளா என்று தெரியாது, குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. பால் கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மறுபடியும் பேசினாள். உடனே வர முடியாது, குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும் என்றாள். "இப்ப இருக்கற எடத்த எடுத்து அனுப்பும்மா. நீ எங்க தூங்கற, எங்க சமைக்கற, எல்லாம் தெரியணும். நீயும் நிக்கணும். ஒளியாம நில்லு" என்றாள்.

தம்பியிடம் சொன்னேன். விரல் விஷயத்தைக் கேட்டதும் பழைய படத்தைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். கதவு விளிம்பில் நாலு விரல், மங்கலாக, மணிக்கட்டில் கோலம். தம்பி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. அந்த வீட்டுக் கதவைத் தொட்டுக்கொண்டிருக்கிற கை உலகத்தில் அது ஒன்றுதானே.

அந்த வாரம் காமெராவை எடுத்துக்கொண்டு அவரும் மனைவியும் என் அறைக்கு வந்தார்கள். அங்கே நான் வைத்த டீயைக் குடித்த முதல் ஆட்கள் அவர்கள். அறை சின்னது. உள்ளே நின்று எடுத்தால் நான் முழுதாக விழவில்லை. அவர் பின்பக்கமாகவே நகர்ந்து, வாசலைத் தாண்டிச் சந்தில் நின்றுகொண்டார். நான் வழக்கம்போலக் கதவுப் பக்கம் நகர்ந்திருக்கிறேன். அது ஒற்றைக் கதவு, சுவரோடு ஒட்டித் திறந்திருந்தது. பின்னால் போக இடமில்லை.

"நடுவுல வா ஆயா" என்றாள் அவர் மனைவி.

நடுவில் வந்தேன். சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடப்போனவள், விட்டுவிட்டேன். மணிக்கட்டுக் கோலம் வெளியே தெரிந்தது. கையோடு கொண்டுவந்திருந்த ஒரு லைட்டைத் தம்பி போட்டார். என் நிழல் பின்சுவரில் பெரிதாக ஏறியது. அவருக்குப் பழக்க தோஷம்.

"அம்மா, நிழல் விழுது. கொஞ்சம் முன்னால தள்ளி வாங்க."

"இருக்கட்டும் தம்பி" என்றேன். "விழட்டும்."